ரேடியோ நெல்லும் வானொலி ஆசான்களும்

நெல்லுக்குப் பெயரிடுவதில் தஞ்சைத் தரணியின் உழவர்கள் கைதேர்ந்தவர்கள். மணியின் வடிவைக் கண்டு சீரகச் சம்பா என்றனர். நிறத்தைக் கண்டு கருங்குறுவை என்றனர். ஆனால் 1960களின் பிற்பகுதியில் ஒரு நெல்வகைக்கு அவர்கள் வைத்த பெயர், நிறத்தாலோ மணத்தாலோ வந்ததன்று. அதனை அவர்கள் 'ரேடியோ நெல்' என்று அழைத்தனர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகப் பரவிய ஏ.டி.டி. 27 என்பதே அதன் அலுவற் பெயர். ஏறத்தாழ நூற்றைந்து நாளில் விளையக்கூடிய குறுவை நெல் அது. திருச்சிராப்பள்ளி வானொலி அதனைப் பற்றி இடைவிடாது பேசிற்று, கேட்டவர் விதைத்தனர், விதை எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் பெயரே நெல்லுக்கும் நிலைத்துவிட்டது. ஒலிபரப்பின் வரலாற்றில் இதற்கு ஈடான பட்டம் வேறெந்த நிலையத்துக்கும் கிடைத்ததாக நாம் கருதவில்லை.

இந்நிகழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் பசுமைப் புரட்சியின் ஒரு துணைக் கதையாகவே எழுதிச் செல்கின்றனர். நம் நாட்டம் வேறு. வானொலியில் பேசியவர்கள் பேசக் கற்றது எங்கே? அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? யாருக்காகப் பேசும்படி கற்பித்தனர்? அருளுரை ஆற்றுவதற்கென இளைஞரைப் பயிற்றும் பொறுப்பில் உள்ள நமக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

குரல் விளைந்த நிலம்

காவிரிப் படுகை வானொலி வருமுன்னரே குரலுக்குப் பேர்போன நாடு. இராமாயணமும் பாரதமும் இரவெல்லாம் நடைபெறும் கதாகாலட்சேபம் இங்குதான் செழித்தது. திருச்சபையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தவர் சுவார்ட்ஸ் ஐயர். அச்சிறுவன் பின்னர்த் தஞ்சையில் ஆசிரியராகி, சாஸ்திரியாராகி, தாம் இயற்றியவற்றைக் குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று பாடிக் கேட்பித்தார். அச்சுப்பொறி தரங்கம்பாடிக்கு வந்து நூறாண்டு ஆகியும், தஞ்சைச் சிற்றூர்களில் நற்செய்தி பெரும்பாலும் காதின் வழியாகவே சென்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு மூத்தவர் ஓர் இளையவரைத் தம் அருகில் வைத்துக்கொண்டு குரலையும் சொல்லையும் பழக்குவது இந்நாட்டின் வழிவழி வந்த முறை. நாதஸ்வரக் கலைஞரும் அவ்வாறே கற்றனர். பாகவதரும் அவ்வாறே கற்றனர்.

இந்தியாவில் ஒலிபரப்புக்கு முன்னோடியாய் நின்ற முயற்சிகளுள் ஒன்று சென்னையில் 1924இல் தொடங்கிய மாகாண வானொலிக் கழகம். பணமுடையால் அது 1927இல் ஓய்ந்தது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தோன்றின. திருச்சிக்கு அமைந்தது ஐந்து கிலோவாட் ஆற்றலுள்ள மத்திய அலைக் கருவி. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்த ஆறு நிலையங்களுள் இரண்டு தமிழகத்தில் இருந்தன. அவ்விரண்டில் ஒன்று காவிரிக் கரையில் இருந்தது.

நிலையம் வந்துவிட்டது, பேசுவோரைப் பயிற்றப் பள்ளி இல்லை. தில்லியில் வானொலி ஊழியர்க்கான பயிற்சிப் பள்ளி 1948இல்தான் வந்தது. இந்திய மக்கள் தொடர்பியல் கழகம் 1965இல் வந்தது. இரண்டிலும் தமிழுக்கு இடம் சொற்பம். எனவே தமிழ் ஒலிபரப்பாளர் பழைய குருகுல முறையையே கைக்கொண்டனர். புதிதாக வந்த இளைஞனுக்குக் குரல் தேர்வு நடக்கும். பின் ஒரு மூத்த தயாரிப்பாளரின் கீழ் விடப்படுவான். அவன் எழுதிக் கொணரும் பேச்சின் பாதி அடிபட்டுத் திரும்பும். படிப்பதாகத் தோன்றக்கூடாது, தாள் சலசலக்கக்கூடாது, ஒலிவாங்கியைப் பொதுக்கூட்ட மேடையாகக் கருதிக் கத்தக்கூடாது, ஆயிரம் பேர் கேட்டாலும் ஒருவரிடம் பேசுவதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். இவை எந்தப் பாடநூலிலும் எழுதப்பெறாமலே கைமாறிய விதிகள். நம் மாணவர் சிலர் ஒலிவாங்கியைக் கண்டதும் குரலை இருமடங்கு உயர்த்துவதைக் காணும்போது, இப்பழைய தயாரிப்பாளர்களில் ஒருவரைச் சில மாதம் நம் கல்லூரிக்குக் கடன் வாங்கியிருக்கலாகாதா என்று தோன்றும்.

மூன்று நண்பர்கள்

எழுதப்பெறாத இவ்விதிகளைத் தமிழில் நூலாக்கியவர் யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியிலும், பின்னர் இலண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றியவர் இவர். 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்னும் பெயரைச் சூட்டியவரும் இவரே. சிற்றலை வானொலியில் 2017 வரை அப்பெயர் ஒலித்தது. 1954இல் அவர் வெளியிட்ட 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூல், இத்துறையில் தமிழில் தோன்றிய முன்னோடி நூல். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், முகம் அறியாத மாணவருக்கு எழுதிவைத்தார் என்பதே நம் மதிப்பில் இந்நூலின் பெருமை. ஒலிபரப்பாளர் பலரிடம் இப்பண்பு அரிது. சொல்லியது காற்றோடு போவது இத்தொழிலின் இயல்பு. தொழிலின் நுணுக்கமும் காற்றோடே போய்விடுவது வழக்கம்.

சிவபாதசுந்தரம் பின்னாளில் சென்னையில் வாழ்ந்தபோது அவருடன் இணைந்து எழுதியவர் 'சிட்டி' என்று அறியப்பட்ட பெ. கோ. சுந்தரராஜன். மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். திருச்சி வானொலியில் பணிபுரிந்தவர். இவ்விருவரும் சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977இலும், தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை 1989இலும் வெளியிட்டனர். ஒலிபரப்பில் முடி நரைத்த இருவர், தமிழ்ப் புனைகதைக்கு மாணவர் கையாளத்தக்க வரலாற்று நூல்களை ஆக்கித் தந்தனர் என்பது பலர் கவனியாத செய்தி.

அதே சிட்டியோடு காவிரியின் ஓரமாய் நடந்தவர் தி. ஜானகிராமன். தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை சென்று இருவரும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வெளிவந்தது. ஜானகிராமனைப் புதின ஆசிரியராக நாடறியும். அவருடைய சம்பளப் பணி என்ன என்பதைப் பலர் அறியார். மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்தவர் அவர். தந்தையார் இராமாயணம் சொல்வதில் தேர்ந்தவர். ஆக, கேட்கும் செவி வீட்டிலேயே வாய்த்தது. கும்பகோணத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, பத்தாண்டளவு பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1954இல் சென்னை வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் சேர்ந்தார். 1968இல் தில்லிக்குச் சென்று அதே துறையில் உயர் பொறுப்பு வகித்தார். 1979இல் அவருக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது; 1982இல் மறைந்தார்.

பள்ளி ஒலிபரப்பின் அமைப்பைச் சிறிது விளக்குவது நலம். இக்காலத்து மாணவர் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். வகுப்பில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கும். பாடம் ஒலிபரப்பாவதற்கு முன் வகுப்பாசிரியர் முன்னுரை கூறிப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவார். பாடம் முடிந்தபின் வினா எழுப்பி விளக்குவார். வானொலியில் பேசுபவர் இவ்வாசிரியரின் இடத்தைப் பிடிப்பவர் அல்லர், துணைக்கு வருபவர். ஆகவே அதனைத் தயாரிப்பவர், தம் குரலுக்கு முன்னும் பின்னும் வேறொருவர் பேசப்போகிறார் என்பதை நினைவில் வைத்தே எழுதவேண்டும். பத்தாண்டு கரும்பலகையின் முன் நின்றவருக்கே இது எளிதில் விளங்கும். தஞ்சைச் சிற்றூரின் பேச்சை எழுத்தில் பிடிப்பதில் ஜானகிராமனுக்கு இருந்த தேர்ச்சியை எல்லோரும் போற்றுவர். அத்தேர்ச்சிக்கும், எழுத்துப்படியைக் காதால் சோதிக்கும் அன்றாடப் பணிக்கும் தொடர்பில்லை என்று சொல்வதற்கில்லை.

கேட்டவர் யார்?

இனி ரேடியோ நெல்லுக்குத் திரும்புவோம். தீவிர வேளாண்மைத் திட்டம் 1960இல் முதன்முதல் தேர்ந்துகொண்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூர் ஒன்று. நல்ல விதை, உரம், பூச்சிமருந்து, கடன் ஆகிய அனைத்தையும் ஒருசேர அளித்தால் விளைச்சல் பெருகும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. ஃபோர்டு அறநிறுவனம் இதற்கு உதவிற்று. மேட்டூர் அணை 1934 முதல் நீர் தர, குறுவையும் தாளடியும் என இருபோகம் எடுக்கத் தஞ்சை உழவர் விரும்பினர். அதற்குக் குறைந்த நாளில் விளையும் நெல் வேண்டியிருந்தது. ஜப்பானிய வகை ஒன்றையும் நம் நாட்டு ஜி.ஈ.பி. 24ஐயும் இணைத்து உருவான ஏ.டி.டி. 27 அவ்விடத்தை நிரப்பிற்று. 1966இல் வானொலி நிலையங்கள் சிலவற்றில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. திருச்சி அவற்றுள் ஒன்று.

இவ்வொலிபரப்பின் பின்னே ஒரு பாடம் ஏற்கெனவே கற்கப்பட்டிருந்தது. 1956இல் புனே வட்டாரத்தில் நூற்றைம்பது சிற்றூர்களில், யுனெஸ்கோவின் துணையோடு, வானொலி உழவர் மன்றங்கள் சோதனையாக நடத்தப்பட்டன. கேள், கலந்து பேசு, செயற்படு என்பது அவற்றின் முறை. வெறுமனே கேட்டவர்களைவிட, கேட்டபின் கூடிப் பேசியவர்களே மிகுதியும் கற்றனர் என்பது அச்சோதனையில் தெரிந்தது. எனவே பண்ணை இல்லப் பிரிவுக்கு வந்த இளைஞர் அறிவிப்பறையில் மட்டும் பயிலவில்லை. ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து வயல் வரப்புக்குச் சென்றனர். உழவர் வினவ, ஆடுதுறை அறிஞர் விடையளிக்க, இருவர் பேச்சும் அவரவர் மொழியிலேயே ஒலிபரப்பாயிற்று. வேளாண் கல்லூரியில் பட்டம் பெற்றவர், 'தழைச்சத்து' என்று சொன்னால் போதாது, அதற்குரிய உரத்தை எத்தனை மூட்டை, நட்ட எத்தனையாம் நாள் என்று சொல்லப் பழகினார். ஏ.டி.டி. 27 தஞ்சையில் நெடுநாள் ஆட்சி செய்யவில்லை. சில ஆண்டுகளில் வேறு வகைகள் வந்தன. ஆனால் அதனைப் பேசிய முறை நிலைத்தது. நேயர்கள் பெயரைப் பதிவுசெய்துகொண்டு, தொடர் பாடங்களைக் கேட்டு, வினாக்களுக்கு விடை எழுதி அனுப்பும் வானொலி வேளாண் பள்ளிகள் அதன் வழியில் தோன்றின.

இவ்வளவும் போற்றுதற்குரியவை. எனினும் வரலாற்று மாணவர் மற்றொரு பக்கத்தையும் புரட்டவேண்டும். எந்த விதையை விதைப்பது என்று முடிவு செய்பவன் நிலத்தை உடையவன், அல்லது குத்தகைக்கு எடுத்தவன். தஞ்சையின் கீழ்ப்பகுதியில் சேற்றில் இறங்கி நட்டவரும் அறுத்தவரும் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். வானொலி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய காலம் அது. ஊராட்சிப் பொதுப் பெட்டி ஊர்த்தெருவில் ஒலித்தால், சேரிக்கு அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்பதை நம் ஊர் அமைப்பை அறிந்தவர் எவரும் கணித்துக்கொள்ளலாம். புதிய நெல் அறுவடையை மிகுத்தது. அந்த மிகுதியில் அறுத்தவனின் பங்கு எவ்வளவு என்னும் வழக்கும் அதனோடே மூண்டது. பிரான்சின் ஃபிராங்கெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1971இல் வெளியிட்ட பசுமைப் புரட்சி ஆய்வில் தஞ்சைக்குத் தனி இடம் அளித்தமைக்குக் காரணம் இதுவே.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி வழக்கின் முடிவில் குடிசையொன்றில் நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். உயர்நீதிமன்றம் 1973இல் குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்தது. நாம் அவ்விரவில் எந்தத் திருவிழாவைக் கொண்டாடிக் கொண்டிருந்தோம் என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்டத் தேவையில்லை.

ரேடியோ நெல்லைப் பரப்பியவர்களை இதற்குப் பொறுப்பாக்குவது நம் கருத்தன்று. அவர்கள் தமக்கிட்ட பணியைத் திறம்படச் செய்தனர். ஆனால் அவர்களைப் பயிற்றிய முறையில் ஒரு வரம்பு இருந்தது. நேயரிடம் எவ்வாறு பேசுவது என்பதை மூத்தவர் நன்றாகவே கற்பித்தனர். ஒலிவாங்கி எவரிடம் போய்ச் சேரவேண்டும் என்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை. வானொலி அரசின் ஒரு துறை; துறையில் அவ்வினாவுக்கு இடமில்லை.

பல்கலைக்கழக வாயிலில்

அந்த இடம் சட்டத்தில் திறந்தது 1995 பிப்ரவரியில். கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றிய வழக்கொன்றில், அலைவரிசைகள் மக்களின் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளையாட்டு வழக்கிலிருந்து இத்தகைய தீர்ப்பு பிறந்தது ஒரு விந்தையே. அரசு ஏழாண்டு கழித்து, 2002 டிசம்பரில், கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் சமுதாய வானொலி நடத்த இசைவளித்தது. அதன்படி இந்தியாவில் முதன்முதல் ஒலித்த வளாக வானொலி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய 'அண்ணா எஃப்.எம்.' ஆகும்.

அதன் பின்னே நின்றவர் முனைவர் ஆர். ஸ்ரீதர். அனைத்திந்திய வானொலியில் பணியாற்றிய பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடகப் பணிக்கு வந்தவர். இந்தியச் சமுதாய வானொலியின் தந்தை என்று இத்துறையினர் அவரைக் குறிப்பிடுவர். சிவபாதசுந்தரம் நூலால் செய்ததையும், பழைய தயாரிப்பாளர்கள் பக்கத்தில் இருத்திச் செய்ததையும் அவர் ஒரு வளாகத்தில் ஒன்றாக்கினார். மின்னணு ஊடகம் பயிலும் மாணவர்க்குப் பாடம் வகுப்பறையில் முடிந்துவிடவில்லை. அன்றன்று ஒலிபரப்ப வேண்டிய நிலையமே அவர்களுக்குப் பயிற்சிக்களம். பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறைவதோடு போகாது. அண்டை வீட்டார் கேட்டுவிடுவர். பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்துள்ள குடிசைப் பகுதிப் பெண்களும் நிகழ்ச்சித் தயாரிப்பில் பங்குகொண்டனர். மாணவன் அங்கே தன் குரலை மெருகேற்றிக் கொள்வதோடு, ஒலிவாங்கியைக் கண்டு கூசும் ஒரு பெண்ணைப் பேசவைக்கவும் கற்கவேண்டியிருந்தது. இரண்டாவதே கடினமான கலை. ஆயர் பணியில் சிறிது காலம் இருந்தவர் எவரும் இதனை ஒப்புக்கொள்வர்: பேசுவதற்கு ஆறு மாதத்தில் பயிற்றிவிடலாம், பிறரைப் பேசவிடுவதற்குப் பல்லாண்டு பிடிக்கும்.

அங்ஙனம் பயின்ற மாணவரை வாங்கிக்கொள்ளத் தனியார் பண்பலை நிலையங்களும் தொலைக்காட்சிகளும் வாயிலில் காத்திருந்தன. வேலைக்குச் சென்றதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வளாக வானொலிகளுக்கு இது ஓயாத இழப்பு. ஈராண்டுக்கு ஒருமுறை முழுக் குழுவும் மாறும், ஆசான் மீண்டும் அகரத்திலிருந்து தொடங்குவார். மடத்தில் நவக்கிரகம் சுற்றுவதுபோல் அன்று, ஆண்டுதோறும் புது நாற்று விடுவதுபோல் என்று கொண்டால் சலிப்புத் தோன்றாது. நம் இறையியற் கல்லூரிகளின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

2006 நவம்பரில் நெறிமுறைகள் தளர்த்தப்பட்டு, தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் உரிமம் கிடைக்கலாயிற்று. நிகழ்ச்சிகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு அமையவேண்டும் என்பது விதி. கடத்தியின் வீச்சாற்றல் பொதுவாக நூறு வாட்டுக்கு மேற்படலாகாது. காவிரிப் படுகையிலும் அதன் ஓரத்திலும் இவ்வகை நிலையங்கள் தோன்றின. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி, தஞ்சையை அடுத்த வல்லத்தில் பெரியார் மணியம்மை நிறுவனம், ஆழிப்பேரலையால் அழிவுண்ட நாகைக் கடற்கரையில் விழுந்தமாவடியின் களஞ்சியம் ஆகியன அவை. முதலிரண்டும் மாணவரைக் கொண்டவை. மூன்றாவது கல்லூரியைச் சாராதது. தானம் அறக்கட்டளையின் துணையோடு சிற்றூர் மக்களை வைத்து நடப்பது. இவ்வகையில் நாடறிந்த எடுத்துக்காட்டு, அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் 2008 அக்டோபரில் தலித் பெண்கள் தாமே தொடங்கிய சங்கம் வானொலி. வயலில் கூலி வேலை செய்த பெண்கள் அங்கே ஒலிப்பதிவு செய்து, தொகுத்து, விதையைப் பற்றிப் பேசுகின்றனர். அவர்கள் பேசுவது பெரும்பாலும் வரகும் தினையுமாகிய பழைய விதைகளை. எந்த அலுவலகமும் வெளியிடாத விதைகளை.

தஞ்சைப் படுகையில் இன்று ஒரு மாணவி சமுதாய வானொலியில் சேர்ந்தால், குறுவைக்கு ஏற்ற விதையைப் பற்றிப் பேசலாம். நலவாழ்வைப் பற்றிப் பேசலாம். நடவுப்பாட்டைப் பதிவு செய்யலாம். நட்ட பெண்ணையே அறைக்கு அழைத்துவந்து பேசவைக்கலாம். இவையனைத்தும் 1966இன் இளைஞருக்கு வாய்க்காதவை. ஆனால் 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் செய்தியும் நடப்பு அரசியலும் கூடாதென்றன. பின்னர் கிடைத்த இசைவும், அனைத்திந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்வதற்கு மட்டுமே. அடுத்த ஊரில் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தால், அதனைச் செய்தியாகச் சொல்ல அம்மாணவிக்கு உரிமமில்லை.